ஐந்து நாள் குறட்டை

எங்கள் வீட்டுக்கும் லிப்ட் தம்பியின் வீட்டுக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, பலகை. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வீடு. கட்டடத்துச் சொந்தக்காரர் ஒரு நாள் தச்சரோடு வந்து குறுக்கே பலகை அடித்து, மேலே வெள்ளை பூசி, இனி இது இரண்டு வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் தீக்குச்சி உரசினால் இந்தப் பக்கம் எனக்கு டீ நினைப்பு வருகிறது. ஒட்டுக் கேட்கிறேன் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். காது இருக்கிறது, பலகை இருக்கிறது, நடுவில் நான் என்ன செய்ய முடியும்?

லிப்ட் தம்பி லிப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் இருக்கிற இருபது மாடி முப்பது மாடிக்காரர்களை எல்லாம் ஏற்றி இறக்குகிறவர், குடியிருப்பது என்னவோ லிப்டே இல்லாத எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில். நாற்பத்து மூன்று வயது, ஒண்டிக்கட்டை. வீடு பதினோரு அடிக்கு ஒன்பது அடி. கட்டிலை மடக்கினால் மேஜை போடலாம். மேஜையையும் மடக்கினால் நடக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு கதவு உண்டு, கதவுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள். வேலையிலிருந்து வந்ததும் இரண்டையும் போடுவார். பகலெல்லாம் அடுத்தவர் மாட்டிக்கொண்ட கதவைத் திறந்துவிட்டு வருகிற மனிதர், தன் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே அரைத் தூக்கம் தெரியும்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்து நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வரும். அப்போது அவர் எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய் பெரியக்கா வீட்டில் தங்கவேண்டும். பெரியக்கா என்பது அவருடைய கூடப்பிறந்த அக்கா. நான் வெறும் பக்கத்து வீட்டு அக்கா. போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். என் போன் நம்பரைத் தன் அக்காவிடம் கொடுத்து வைத்திருப்பதும் அவர்தான். பின்னால் வந்ததெல்லாம் அந்த நம்பரால் வந்தது.

பெரியக்கா வீட்டில் மூன்று அறை, ஒரு ஹால். விடுமுறைக்கு முன்னாலேயே யாருக்கு எந்த இடம் என்று பெரியக்கா இலாகா ஒதுக்குவது போல ஒதுக்கிவிடுவார். ஒரு அறை அவருக்கும் இரண்டு பெண்களுக்கும். இன்னொன்று மனைவி, இரண்டு பையன்களோடு வருகிற சின்னத் தம்பிக்கு. மூன்றாவது அறை பெரியக்காவின் கணவருக்கு, அவருக்கு மட்டும். ஏனென்றால் அவர் குறட்டை விடுகிறவர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், குறட்டையிலும் ஊரையே அளப்பார் என்று பேச்சு.

லிப்ட் தம்பிக்கு ஹால்.

"குடும்பஸ்தங்களுக்கு ரூம் வேணும்டா. உனக்கென்ன, பாயைச் சுருட்டினா முடிஞ்சுது."

சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் அந்தப் பாய். பாத்ரூமுக்குப் போகிற எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். பையன்கள் தாண்டமாட்டார்கள், மிதிப்பார்கள். காலை ஐந்தரைக்குத் தலைமாட்டில் டிவி. ஆறு மணிக்குக் கால்மாட்டில் துடைப்பம். இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். போன வருஷம் நடந்ததுதான் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் விழிப்பு வந்தபோது தலைக்கு மேலே சோபாவில் யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

"இவருதான் உங்க தம்பியா? வயசு என்ன ஆகுது? ஏன் இப்படியே விட்டுட்டீங்க?"

போர்வை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. கண்ணைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் கிடந்தேன் என்று என்னிடம் சொன்னபோது அவருக்கு இன்னமும் காது சிவந்தது. இனிமேல் கதவுள்ள அறை கிடைத்தால்தான் போவது என்று அன்றைக்கே முடிவு. போகாமலும் இருக்க முடியாது. போகாவிட்டால் பெரியக்கா பட்டாளத்தோடு கிளம்பி இங்கே வந்துவிடுவார். பதினோரு அடிக்கு ஒன்பது அடி.

பெரியக்காவின் சட்டப்படி அறை கிடைக்க இரண்டே வழி. குடும்பம், இல்லாவிட்டால் குறட்டை. குடும்பத்தை அவசரத்துக்கு ஏற்பாடு செய்ய முடியாது.

இந்த வருஷம் விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னால் பெரியக்கா எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, தம்பி இப்ப குறட்டை விடறானாமே? அவனே சொல்றான். நெஜமா?"

ஒன்பது வருஷமாக அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கு மனப்பாடம். ரேடியோ, வெங்காயம் நறுக்குவது, திறக்க வராத பிரிட்ஜோடு அவர் போடுகிற சண்டை, எல்லாம் தெரியும். தூங்கினால் மனிதர் கட்டை. மூச்சுக்கூட வெளியே வராது. ஆனால் பொய் சொல்கிறவர் எதற்காகச் சொல்கிறார் என்று தெரியாமல் காட்டிக்கொடுத்துவிட்டால் அப்புறம் தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் போய்விடும்.

"எட்டரை மணிக்கு ஆரம்பிச்சா பலகையே ஆடுதும்மா" என்றேன்.

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பலகை ஆடத்தான் ஆடுகிறது. என் கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர், விடியுமுன் எழுந்து போகவேண்டும், அதனால் எட்டரைக்கே படுத்துவிடுவார். மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு குக்கரில் ஆவி அடங்குவது போல ஒரு 'புஸ்ஸ்'. கடைசியில் உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு "சரி சரி" என்பார். விழித்திருக்கும்போது என்னிடம் அந்த வார்த்தையை அவர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்கடுத்த வாரமெல்லாம் சாயங்கால வேளைகளில் தம்பி வீட்டிலிருந்து ஏதோ அறுக்கிற சத்தம். கொஞ்சம் அறுப்பார், நிறுத்துவார், மறுபடியும் முதலிலிருந்து அறுப்பார். அலமாரி செய்கிறார் என்று நினைத்தேன். ஒண்டி ஆளுக்கு எதற்குப் புது அலமாரி, யார் துணியை வைக்க என்று நானும் மூன்றாம் மாடி டெய்லரம்மாவும் போனில் இரண்டு நாள் அலசினோம். முடிவு தெரிவதற்குள் அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

இனி நடந்தது அவரே பிறகு என்னிடம் சொன்னது. நான் கேட்ட கேள்விகளுக்குச் சொல்லாமல் தப்பிக்கவும் முடியாது.

அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு வந்துவிட்டது. குறட்டைக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே அறை. பெரியக்காவின் மூளையே மூளை. ஒரே கதவுக்குப் பின்னால் இரண்டு சத்தத்தையும் போட்டு அடைத்தாகிவிட்டது.

தம்பி பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு யோசித்தார். குறட்டையில் பழுத்த அத்தான் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வாரப் பயிற்சியை எப்படி அரங்கேற்றுவது? மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லாரும் படுக்கிற நேரம். அத்தான் கதவைச் சாத்திவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். தம்பி இந்தப் பக்கம் படுத்தார். அவர் தொடங்கட்டும், அந்த இரைச்சலோடு நம்முடையதைக் கலந்துவிடலாம் என்று தம்பி காத்திருந்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. அறையில் மின்விசிறியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

வெளியே பெரியக்காவின் குரல்: "என்னடி, ரெண்டு பேர்ல ஒருத்தர் சத்தத்தையும் காணோம்?"

அத்தான் திரும்பாமலே முணுமுணுத்தார். "மாப்ள, ஆரம்பி."

"நீங்க ஆரம்பிங்க அத்தான். பெரியவரு."

"எனக்கு இன்னிக்குத் தொண்டை சரியில்ல."

தம்பி எழுந்து உட்கார்ந்தார். "குறட்டைக்கு எதுக்கு அத்தான் தொண்டை சரியா இருக்கணும்?"

அத்தான் மெல்லத் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு பாரு."

போட்டிருந்தது. அத்தான் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குறுக்கெழுத்துப் புத்தகத்தையும் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்தார்.

"பதினெட்டு வருஷம் மாப்ள. ரெண்டாவது பொண்ணு பொறந்தப்ப ஆரம்பிச்சது. ஒரு வாரத்துக்குன்னுதான் நெனச்சேன். அப்புறம் விட முடியல. பிஸ்கட் எடுத்துக்கோ."

அன்றைக்கே முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு அரை மணி. ஒருவர் குறட்டை விட்டால் மற்றவர் கட்டம் நிரப்புவது. தம்பியின் குறட்டையை முதல் தடவை கேட்டபோது அத்தான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாராம். "இது எங்க கத்துக்கிட்டே? இதுக்கு முன்னாடி நான் விடறது எல்லாம் வெறும் இருமல்."

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

இப்படித் தொடங்குகிற போன் என்றால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். "கேளும்மா."

"தம்பி வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"சாவி என் கையில இருக்கு. யாரு இருக்கப்போறா?"

"அதில்லக்கா. பொம்பள யாராவது."

எனக்கு அலமாரி ஞாபகம் வந்தது. "ஏம்மா, என்ன ஆச்சு?"

"குறட்டை விட்டு முடிக்கறப்ப 'சரி சரி'ங்கறான். கல்யாணம் ஆகாதவன் தூக்கத்துல எதுக்குக்கா சரி சரிங்கணும்? அப்படி வாயில வரணும்னா பக்கத்துல ஒருத்தி இருக்கணும், அதுவும் அஞ்சாறு வருஷமாவது இருந்திருக்கணும். இருந்தா கூட்டிட்டு வரட்டும், நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்? இல்லன்னா அது வேஷம். வேஷம்னு தெரிஞ்சா இன்னிக்கே பாயைத் தூக்கி ஹால்ல போட்டுடுவேன். இருங்க, நீங்களே கேளுங்க."

போனைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார் போலிருக்கிறது.

மூன்று இழுப்பு. ஒரு நிறுத்தம். புஸ்ஸ். சப்புக்கொட்டு. "சரி சரி."

என் கணவர் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய குறட்டை எட்டு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு அறைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. நான் போனையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல, வெட்டுங்க."

பெரியக்கா காத்திருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் தம்பி ஹாலுக்கு வந்துவிடுவார். தலைக்கு மேலே டீ குடிக்கிற அம்மாள் இந்த வருஷமும் வராமல் இருக்கப்போவதில்லை. வேறு ஒரு வார்த்தை சொன்னால் இல்லாத பெண்டாட்டியை அவர் தேடிக் கொண்டுவர வேண்டியிருக்கும். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு நாக்கு அரித்தது. இரண்டில் எது நடந்தாலும் டெய்லரம்மாவோடு ஒரு மாதம் பேசலாம்.

"அவரு வேலை என்னன்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்றேன். "பொழுது விடிஞ்சா போன். லிப்ட் நின்னுடுச்சு, கதவு தொறக்கல, உள்ள ஆள் மாட்டிக்கிச்சுன்னு கத்துவாங்க. கத்தறவங்ககிட்ட வேற என்ன சொல்றது? நாள் பூரா 'சரி சரி'தான். ராத்திரியும் அதே வருது."



"அட பாவமே" என்றார் பெரியக்கா. "நான் வேற என்னென்னமோ நெனச்சேன். தூக்கத்துலயும் வேலை பாக்கறான் பாருங்க. தூங்கட்டும், தூங்கட்டும். ஏய் பசங்களா, அந்தக் கதவுகிட்டப் போகாதீங்க!"

விடுமுறை முடிந்து தம்பி சாவி வாங்க வந்தார். ஐந்து நாளும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய முகம், இஸ்திரி போட்டாற்போல் இருந்தது. வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். மேலே எழுதியிருப்பது அதுதான்.

"எங்க வீட்டுக்காரர் குறட்டைன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்கு வேற யாரைத் தெரியும்? பலகையில காதை வெச்சா பாடம் எடுக்கற மாதிரி இருந்துது. ஒவ்வொரு வரியா திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்."

அறுக்கிற சத்தம் எதுவென்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அவர் சாவியை வாங்கிக்கொண்டு தன் கதவைத் திறந்தார். பாதி உள்ளே போனவர் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அலமாரி எதுவும் செய்யல அக்கா."

மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது. ஒன்பது வருஷத்தில் நான் போனில் என்னென்ன பேசியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்க எனக்கு அன்று சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. இப்போதெல்லாம் டெய்லரம்மாவோடு பேசுவதென்றால் படிக்கட்டில் போய் நின்று பேசுகிறேன். ஐந்தாம் மாடிக்காரர்கள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பெரியக்கா மறுபடியும் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, தம்பிகிட்டேருந்து இவருக்கும் தொத்திக்கிச்சு. இவரும் இப்ப தூக்கத்துல 'சரி சரி'ங்கறாரு. இவரு ரிடையர் ஆயி அஞ்சு வருஷம் ஆச்சு, ஒரு போன்கூட வராது. இவரு யாருக்குக்கா சொல்றாரு?"

"கட்டின ஆம்பள வேற யாருக்கும்மா சொல்லுவாரு? உனக்குத்தான்."

பெரியக்கா செருமிக்கொண்டார்.

"நேர்ல ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். பிறகு, "சரி, அடுத்த வருஷமும் ரெண்டு பேரும் அதே ரூம்லயே இருக்கட்டும். தம்பிகிட்ட சொல்லிடுங்க."

சொல்லவேண்டிய அவசியம் இல்லை. பேசியது பலகைக்குப் பக்கத்தில் நின்றுதான். எட்டரை ஆகியிருந்தது, என் கணவர் இரண்டாவது இழுப்பில் இருந்தார். நான் போனை வைத்துவிட்டு, அந்தக் கடைசி வார்த்தை வரட்டும் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.