நடைபாலத்தை அடைத்தவன்

கண்ணுக்குள் யாரோ ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. வெல்டர் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தான். இமையைத் திறந்தால் நீர் கொட்டியது, மூடினால் எரிந்தது. ஷீல்டு பிடிக்கத் தெரியாத வயதில் இப்படி ஆகும். தலை நரைத்த பிறகு கண்ணைச் சுட்டுக்கொண்டு வந்து படுத்தால் தொழில்காரன் எவனும் சிரிப்பான்.

"பச்சப் புள்ளையா நீங்க? கண்ணாடி இல்லாம அந்த நெருப்பைப் பாப்பாங்களா?" என்று மனைவி துணியை நனைத்து மாற்றிப் போட்டாள்.

"வேலை அவசரம்."

அவசரம் ஒன்றும் இல்லை. பற்றவைக்கும்போது ஷீல்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருந்தான். நடைபாலத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கத்திய கூட்டத்தில் அக்கா இருக்கிறாளா என்று. இல்லை. அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது.

மெட்ரோ வருவதற்கு முன் கால்வாயின் இரண்டு கரைக்கும் ஒரே பஸ், ஒரே சேறு, ஒரே ஏச்சு. நகரத்துக்குள் வேலைக்குப் போய் "கால்வாய்ப் பக்கத்து ஆளு" என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். எந்தக் கரை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பிறகு மெட்ரோ வந்தது. கடைசி ஸ்டேஷனை ஏதாவது ஒரு கரையில்தானே கட்ட முடியும்? கட்டினார்கள். அது ஸ்டேஷன் கரை ஆனது. மொத்தக் காய்கறிச் சந்தை இருந்த மற்றது சந்தைக் கரை ஆனது. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஸ்டேஷன் கரையில் ஓட்டு வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழுந்தன. விற்றவன் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டது ஒரே வரி: 'ஏறியதும் உட்காரலாம்.' காலி ரயில் அங்கிருந்துதான் புறப்படும். அந்த உட்காரும் இடத்துக்காக ஆயுசுக்கும் கடன்பட்டு வீடு வாங்கினவர்கள் இருந்தார்கள். ஆனால் விடிந்தால் சந்தைக் கரை ஜனம் இரும்பு நடைபாலம் வழியாகத் திபுதிபுவென்று வந்து முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டது. வீடு வாங்கினவன் கம்பியைப் பிடித்துத் தொங்கினான்.

"வாடகை அவனுக்குப் பாதி, சீட்டு மட்டும் முழுசா?" என்று அடுக்குமாடிச் சங்கத்தில் கொதித்தார்கள். "எங்க தக்காளி இனிக்குது, எங்க ஆளு கசக்குதா?" என்று சந்தைக் கரை திருப்பிக் கேட்டது. ஸ்டேஷன் பலகையில் தங்கள் பெயரையும் எழுதச் சொல்லிச் சந்தைக் கரை மனுக் கொடுத்தது. மறுநாளே ஸ்டேஷன் கரைக்காரர்கள் வீட்டு வாசல்களில் 'இது மாநகரம்' என்று ஒட்டிக்கொண்டார்கள். நகரத்துக்குள் இன்னமும் இரண்டு பேரையும் பார்த்து மூக்கைச் சுளிக்கத்தான் செய்தார்கள். அதை யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

நடைபாலத்தின் கடைசிப் படி சங்கத்துப் பூங்கா மண்ணில் இறங்கியது. அதுதான் சங்கத்துக்குக் கிடைத்த பிடி. படியின் தலைமாட்டில் ஒரு கதவு இருந்தது. அதை அடைத்துவிடத் தீர்மானம் போட்டார்கள்.

வெல்டர் பிறந்தது சந்தைக் கரை. கல்யாணமான கையோடு பட்டறைக்கு இடம் பிடித்து இந்தக் கரைக்கு வந்தவன். அடுக்குமாடிகளில் பாதி ஜன்னல் கம்பி அவன் கைப்பட்டது. இருந்தும் இன்றுவரை அவன் பெயர் 'அந்தக் கரை வெல்டர்'தான்.

சங்கச் செயலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "நாலே நாலு இடத்துல டாக் வெச்சு விட்டுருப்பா, போதும். ஒரு மிரட்டலுக்குத்தான். அவங்க வந்து பேசுவாங்க, நாமளும் பேசுவோம்."

டாக் என்றால் பொட்டு வைப்பது மாதிரி. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். வெல்டருக்கும் அது சௌகரியமாக இருந்தது. நாம் அடைத்த மாதிரியும் ஆச்சு, அவர்கள் உடைத்த மாதிரியும் ஆச்சு, ரெண்டு நாளில் பழையபடி வழி ஆச்சு என்று கணக்குப் போட்டுத்தான் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனான்.

போன இடத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருத்தர், இரண்டாம் மாடிக்காரர், இரைந்து சொன்னார்: "எதுக்கு இவரைக் கூப்பிட்டீங்க? அந்தக் கரை ஆளு. நம்மகிட்டக் கூலி வாங்கிக்கிட்டு, அவங்க தட்டினா உதிர்ற மாதிரி வெச்சுட்டுப் போவாரு. பாருங்க வேணா."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. மனசில் இருந்ததைத்தான் அந்த ஆள் சொல்லிவிட்டான், அதனால் இன்னும் தைத்தது. வெல்டர் தடித்த வெல்டிங் ராடாகப் பார்த்து எடுத்தான். கதவையும் தூணையும் மேலிருந்து கீழே ஒரு இஞ்சு விடாமல் பற்றவைத்தான். கசடைத் தட்டிவிட்டு மேலே இன்னொரு ஓட்டம் விட்டான். கீல் பக்கம் யாரும் கேட்கவில்லை. அதையும் சேர்த்து அடைத்தான். "போதும்ப்பா, போதும்" என்று செயலாளரே சொன்னார். அவன் நிறுத்தவில்லை. பாதிக்கு மேல் ஷீல்டைக் கண்ணுக்குச் சரியாகப் பிடிக்கவும் இல்லை.

இரண்டாம் மாடிக்காரர் அவன் முதுகில் தட்டி, "நம்ம ஆளுய்யா!" என்றார். அந்த வார்த்தையைக் கேட்க இத்தனை வருஷம் காத்திருந்ததாக அப்போது தோன்றியது.

மறுநாள் சந்தைக் கரை இளவட்டங்கள் சுத்தியலும் கடப்பாறையுமாக வந்து தட்டிப் பார்த்தார்கள். கடப்பாறை வளைந்தது.

அக்கா நகரத்து ஆஸ்பத்திரியில் சமையல்கட்டில் பெரிய பாத்திரங்கள் கழுவுகிறவள். நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி போகுமுன் அண்டாக்கள் தயாராக இருக்க வேண்டும். முதல் ரயிலைப் பிடித்தால்தான் விரல் வைக்கிற மிஷினில் நேரத்துக்கு விரல் வைக்க முடியும். அந்த வருஷக் கடைசியில் அவளை நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். நடைபாலம் இருந்தவரை சந்தைக் கரை வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு நடை. அடைத்த பிறகு தூரத்து லாரிப் பாலம் சுற்றித்தான் வர வேண்டும். இருட்டில், ஓரத்தில் நடக்க இடமில்லாத ரோட்டில். அந்த நேரத்துக்கு ஆட்டோவும் கிடையாது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, கொஞ்ச நாளைக்கு இங்கயே படுத்துக்கங்களேன்" என்றாள் மனைவி.

"நான் இங்க படுத்தா எங்க வீட்டுக்காரருக்கு யாரு வடிச்சுக் கொட்டுறது? அந்த மனுஷனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது." சிரித்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். "மூணு வாட்டி லேட்டுடா. சூப்பர்வைசர் பொம்பளை மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா. இன்னும் ஒரு தடவைன்னா பேரை எடுத்துருவாளாம். உனக்குச் சங்கத்துல பேச்சு உண்டில்ல, கேட்டுப் பாரேன்."

"கேக்கறேன்க்கா. கொஞ்ச நாள் பொறு."

"என் முட்டிகிட்டச் சொல்லு, அது பொறுக்குதான்னு பாப்போம்."

கேட்டான். செயலாளர் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கதவு... காலையில மட்டுமாவது திறந்து விடலாமே. வேலைக்குப் போறவங்க..."

"நான் என்னப்பா பண்றது? நான் நாலு டாக்குதானே சொன்னேன்? நீ போட்ட போடுல அது கதவாவா இருக்கு, சுவராயிடுச்சு. இப்ப நம்ம ஆளுங்களுக்கு ருசி கண்டு போச்சு, உக்காந்து போறாங்க. பொதுக்குழுவுல வெப்போம்."

"நானே அறுத்து விட்டுடறேன் சார், கூலி வேணாம்."

செயலாளர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். "அறுத்துட்டு இந்தக் கரையில பட்டறை வெச்சிருப்பியா?" என்று மெதுவாகக் கேட்டார். மிரட்டலாகக்கூடக் கேட்கவில்லை, அக்கறையாகக் கேட்டார்.

பட்டறையில் கட்டிங் மிஷின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவை அறுக்க ஒரு மணி நேர வேலை. தினமும் அதைப் பார்த்தான். தினமும் வேறு வேலைக்கு எடுத்தான்.

அக்காவின் வேலை போனது. மாமா போனில் சொன்னார். வெல்டர் வேலையைப் போட்டுவிட்டு லாரிப் பாலத்தைச் சுற்றி நடந்தே போனான். பாதி வழியில் ஒரு லாரி உரசுகிற மாதிரி போயிற்று. சாக்கடை ஓரமாக ஒதுங்கினான். அக்கா இந்த இடத்தில் இருட்டில் எப்படி ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்தான்.

அக்கா சந்தையில் பொறுக்கிய வெங்காயத்தை முறத்தில் போட்டு அழுகல் பிரித்துக்கொண்டிருந்தாள். இனி அதுதான் வேலை. மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான், மாநகரத்துக்காரரே! பாஸ்போர்ட்டு எடுத்துட்டு வந்தீங்களா?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். "தெருவுல ஒரு பேச்சு ஓடுது. அந்தக் கதவைப் பத்தவெச்சது நீன்னு. உங்க அக்கா பெரிய சண்டை. என் தம்பி அப்படிப்பட்ட வேலை செய்ய மாட்டான், செஞ்சிருந்தா நான் இந்தத் தெருவுல குடியிருக்க மாட்டேன் அப்படின்னுட்டா. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

வெல்டர் அக்காவைப் பார்த்தான். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை மட்டும் நின்றிருந்தது.

சொல்லிவிட அதுதான் நேரம். வாய் வரைக்கும் வந்தது.

"நான் எதுக்குக்கா அதெல்லாம்... வெளியிலேர்ந்து யாரோ ஆளு கூட்டிட்டு வந்தாங்க."

"அதான் நானும் சொன்னேன்" என்றாள் அக்கா. கை மறுபடி ஓட ஆரம்பித்தது. "சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் தெரியாது.

மழைக்காலம் முடிந்து, எங்கேயோ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டு, கதவை அகற்ற அரசாங்க ஆட்கள் கேஸ் சிலிண்டரோடு வந்தார்கள். இரண்டு கரையிலும் கூட்டம். வெல்டர் இந்தப் பக்கம் மரத்தடியில் நின்றான். கட்டர்காரன் பாதி அறுப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"எவன்டா இதைப் போட்டவன்? மனுஷன் போற வழிக்கு இவ்வளவு கோபமா?" என்று திட்டினான். அப்புறம் தன்னை அறியாமல், "வேலைக்காரன்தான்யா" என்றான்.

கதவு சாய்ந்ததும் சந்தைக் கரை ஜனம் விசிலடித்துக்கொண்டு வந்தது. அக்கா எல்லாருக்கும் பின்னால், முட்டியைத் தாங்கித் தாங்கி வந்தாள். ரயிலுக்கு இல்லை; அவளுக்கு இனி ரயிலில் என்ன வேலை? தூணில் ஒட்டியிருந்த பற்றவைப்பின் மிச்சத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ தொழில் பழகறப்போ எத்தனை இரும்பை உனக்குப் பிடிச்சுக் குடுத்திருப்பேன்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "கீழ முடிக்கிற இடத்துல உனக்குக் கை கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும். எத்தனை சொல்லியும் நீ திருத்திக்கல."

அவன் குனிந்து தூணின் அடியைப் பார்த்தான்.

"அடைச்ச அன்னிக்குச் சாயங்காலம் வேலை விட்டு வந்து இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன். அப்பவே தொட்டுப் பாத்தேன். கருகின பெயிண்டு வாசனைகூடப் போகல. உன் வீட்டுக்கு வரலாம்னு நெனச்சேன். அப்புறம் வேணாம்னு சுத்திக்கிட்டு நடந்துட்டேன்."

கொஞ்ச நேரம் நின்றாள். அவன் பேசுவதற்கு இடம் விட்டு நின்றாள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. பின்னால் அடுக்குமாடிக்காரர்கள் "நம்ம வெல்டர் போட்டதுதான் அது, கம்பி மாதிரி நின்னாரு" என்று பழைய கதை பேசிச் சிரித்தார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். திரும்பி அக்காவைப் பார்க்கும்போது அவள் பாலத்தில் பாதி தூரம் போயிருந்தாள்.

அவள் வேலையை இனி அவனால் திருப்பித் தர முடியாது. தர முடிந்தது ஒன்றே ஒன்று: 'நான்தான்க்கா அடைச்சேன், மன்னிச்சுடு' என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது. பாலம் திறந்துதான் கிடக்கிறது, நடந்தால் ஐந்து நிமிஷம். அந்த ஒரு வாக்கியத்தை அவன் அக்காவுக்கு இன்னும் தரவில்லை.