மாட்டாமல் வைத்த சுக்கான்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து எதிர் சீட்டில் உட்கார்ந்தது. போன மாசி மாதம், தனுஷ்கோடியிலிருந்து திரும்பும் ரயில். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மடியில் பெரிய அட்டைப்பெட்டியோடு இருந்தார். பெட்டியின் மேல் ஓர் ஆகாய விமானத்தின் படம். துண்டால் அதை மூடுவார், கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தை விலக்கிப் பார்ப்பார், திரும்ப மூடுவார். ஆசைப்பட்டு வாங்கிய பொருள் என்று தெரிந்தது. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

"பிள்ளைக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். துண்டு துண்டா இருக்கும், ஒட்டிக் கட்டணும்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "கப்பல் கேட்டிருக்கலாம்" என்றார். பாம்பனில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கைச்சரக்கு. பெயர்கூட நான் வைத்ததுதான். ஆகவே பாம்பனில் போய் விசாரித்துவிட்டு, அப்படி யாரும் இல்லையே என்று எனக்குக் கார்டு போடாதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பாம்பன் பாலத்தின்மேல் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்த ஒரு மாலை —"

வேண்டாம். பாம்பனில் காற்று என்றைக்குத்தான் ஊளையிடவில்லை?

இரண்டாம் முயற்சி:

"மரியசெல்வத்துக்குக் கண் மங்கத் தொடங்கியபோதுதான் பழைய ஆசை —"

இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

மரியசெல்வம் பாம்பன் ரயில் பாலத்தில் வேலை பார்க்கிறார். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்கி வழிவிடும் ஆட்களில் ஒருவர். இளவட்டத்தில் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கல்யாணமுருங்கைக் கட்டை கிடைத்தால் போதும், சாண் நீளத்தில் வத்தை செதுக்கிவிடுவார். வத்தை என்றால் எங்கள் கரையின் பலகைப் படகு. பாய்மரம், துடுப்பு, சுக்கான் எல்லாம் அதனதன் அளவில் இருக்கும். பிறகு ஒரு நாள் அதை அடியோடு விட்டுவிட்டார். (ஏன் என்பது நாலாம் பகுதியில் வரும். அவசரப்படாதீர்கள்.)

இப்போது அவருடைய அக்கா ஜோதிமேரியின் மகன் பெஞ்சமினுக்குக் கரையில் புது வத்தை கட்டுகிறார்கள். மரியசெல்வம் தினமும் போய்ப் பார்க்கிறார். ஒரு நாள் கீழே கிடந்த மரச்சீவலை எடுத்து விரலில் சுருட்டினார். வீடு வந்து சேரும்வரை அது கையிலேயே இருந்தது. ஆசை திரும்பிவிட்டது.

ஆனால் கண் திரும்புமா? சாண் படகின் சுக்கானை இப்போது அவரால் பார்க்கவே முடியாது, அப்புறம் எங்கே செதுக்குவது. அதனால் பெரிதாக வேண்டும். விட்ட இடத்துக்கு வயதான பிறகு திரும்புகிறவர்கள் எல்லோரும் பெரிதாகத்தான் கேட்கிறார்கள்.* தனுஷ்கோடிக்கும் இலங்கைக்கும் இடையே ஓடும் தலைமன்னார் கப்பலில் வேலை செய்யும் ஹமீது சுல்தான், கொழும்புக் கடையொன்றில் துண்டுகளை ஒட்டிக் கட்டுகிற பொம்மைப் பெட்டிகள் வந்திருக்கின்றன என்று சொன்னதும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

(* நானும் அப்படித்தான். பத்து வருடம் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு, திரும்பியதும் நாவல் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். அது வேறு கதை, கேவலமான கதை.)

3

ஹமீது சுல்தான் கையை விரித்து அளவு காட்டினான்.

"ரெண்டு பெட்டி கெடக்குண்ணே. ஒண்ணு கப்பல். பாயெல்லாம் விரிச்சு, நூலுல கயிறு கட்டி, இம்புட்டு நீளம். இன்னொண்ணு ஏரோப்ளேன். றெக்கையை விரிச்சா உங்க வீட்டு வாசல்ல நொழையாது."

"ரெண்டையும் கொண்டாற முடியாதா?"

"ஒண்ணுன்னா பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான்னு விட்டுருவான். ரெண்டு கொண்டாந்தா, கடை வைக்கப் போறியாடாம்பான் சுங்கத்துக்காரன். எதுன்னு சொல்லுங்க. இன்ஷா அல்லாஹ் அடுத்த நடையில வந்துரும்."

இந்த இடத்தில் மரியசெல்வத்தை மூன்று பக்கம் யோசிக்க வைத்திருந்தேன். கடற்காற்றில் பசை காயுமா, நூல்கயிறு அத்தனையும் கட்ட விரல் ஒத்துழைக்குமா, கட்டி முடித்தால் எங்கே வைப்பது என்று நியாயமான கவலைகள். ஒவ்வொன்றிலும் கப்பலே ஜெயித்தது. கப்பலை அவருக்குத் தெரியும். தினமும் பாலத்தைத் தூக்கி அதற்கு வழிவிடுகிறவர். விமானத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? உலக யுத்தக் காலத்தில் தலைக்கு மேலே போனது தெரியும்.

மூன்று பக்கத்தையும் கிழித்தேன். ஏனென்றால் அவர் யோசிக்கவே இல்லை.

"ஏரோப்ளேன்" என்றார்.

"நெசமாவா? கப்பலுண்ணே, கப்பல்! பாம்பன்ல பொறந்துட்டு?"

"ஏரோப்ளேன் கொண்டாடான்னா."

4

இப்போது அந்த விஷயம்.

இந்தக் கதையின் பாம்பனில் ஒரு வழக்கம் உண்டு. (உண்மையான பாம்பனில் உண்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.) புது வத்தை கட்டும்போது அதே மரத்தின் துண்டில் அதேபோலச் சின்னது ஒன்று செதுக்கலாம், தப்பில்லை. ஆனால் பெரியது கடலில் இறங்கி நனையும் முன்னால் சின்னது முழுமையாகிவிடக் கூடாது, ஆகிவிட்டால் பெரியது கரை திரும்பாது என்பார்கள். ஏதாவது ஒரு உறுப்பு மாட்டாமல் நிற்க வேண்டும். வழக்கமாகச் சுக்கானை விட்டுவைப்பார்கள். நூலில் கட்டித் தொங்கவிட்டு, பெரியது நனைந்த பிறகு மாட்டுவார்கள்.

சுதந்திரம் வந்த வருடம் ஜோதிமேரியின் புருஷன் வேதமுத்து புது வத்தை கட்டினான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மரியசெல்வம் தன் மச்சானுக்காகச் சின்னது செதுக்கி, அக்கா வீட்டில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சுக்கான் நூலில் தொங்கியது. கடலில் இறக்குவதற்கு முதல் நாள் சாயங்காலம், சுக்கான் சரியாகப் பொருந்துகிறதா என்று பசை போடாமல் மாட்டிப் பார்த்தார். கட்டுகிற கை அப்படித்தான். ஒட்டும் முன் ஒரு தடவை பொருத்திப் பார்க்காமல் அதற்குத் தூக்கம் வராது.

மறுநாள் வத்தை இறங்கியது. ஊரே கரையில் நின்றது. எல்லாம் முடிந்து, சின்னதற்குச் சுக்கான் மாட்டலாம் என்று மரியசெல்வம் வீட்டுக்குள் வந்தார்.

சுக்கான் ஏற்கெனவே மாட்டியிருந்தது.

நேற்று கழற்றினோமா? கழற்றி நூலில் கட்டியதாகவும் ஞாபகம் இருக்கிறது, கட்டாததாகவும் இருக்கிறது. யாரிடமும் கேட்கவில்லை. படகை வேட்டிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார்த்திகை மழையில் வேதமுத்து திரும்பி வரவில்லை. பெஞ்சமின் பிறந்தது தை மாதம்.

அதன் பிறகு அவர் உளியைத் தொடவில்லை. அக்காவுக்கு அரிசி கொண்டுபோய்ப் போட்டார், பெஞ்சமினைத் தோளில் தூக்கி வளர்த்தார். ஆனால் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை.

ஒன்று சொல்லவேண்டும். கொழும்புக் கடைக் கப்பலுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. அது எந்த நிஜக் கப்பலைப் பார்த்துச் செய்ததோ அது எப்போதோ நனைந்து, ஊர் சுற்றி, உடைந்தும் போயிருக்கும். மரியசெல்வத்துக்கும் அது தெரியும். தெரிந்துதான் "ஏரோப்ளேன்" என்றார். அக்காவின் கண்ணில் அவர் கை படகு கட்டுவது படக்கூடாது, அவ்வளவுதான்.

5

ஜோதிமேரியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. முதலில் அவளை வெள்ளைச் சேலையும் ஜெபமாலையும் பெருமூச்சுமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டு, கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றி, குரலைக் கொடுத்து, மரியசெல்வம் பெட்டியோடு உட்கார்ந்திருந்த வீட்டுக்குள் அனுப்பினேன்.

"என்னலே இது, சவப்பெட்டி கணக்கா?"

"ஏரோப்ளேன்க்கா. கொழும்புச் சாமான். ஒட்டிக் கட்டணும்."

"பாம்பன்காரன் எவன்டா ஏரோப்ளேன் கட்டுறான்? கடையில கப்பல் இல்லையாமா?"

"இருந்துச்சு."

"பெறகு?"

அவர் பெட்டியின் மூலையில் கிழிந்திருந்த காகிதத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஜோதிமேரி கூடையை இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏலே செல்வம். என்னைப் பாரு. கட்டை கெடச்சா வத்தை செதுக்குன பய நீ. கப்பலை வேணாம்னு இதை வாங்கியிருக்கேன்னா, எனக்குப் பயந்துதான் வாங்கியிருக்கே. எதுக்குலே பயம்?"

"சும்மா இரேன்க்கா."

"சொல்லுடாங்கிறேன்."

அவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "மச்சான் வத்தை நனையுறதுக்கு முந்தியே சின்னதுல சுக்கான் ஏறிருச்சுக்கா. நான்தான் பொருத்திப் பாத்தேன். கழட்டுனேனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. உன் தாலியை நான்தான் —"

(அந்த வாக்கியத்தை அவரை முடிக்க விடவில்லை. நான் அல்ல, அவள்.)

"கூறுகெட்டவனே! அதை மாட்டுனது நான்டா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"காலையில எல்லாரும் கரைக்குப் போயிட்டீங்க. வயித்துப் பிள்ளையோட நான் ஒத்தையில நிக்கிறேன். அது நூலுல தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. பாக்க நல்லால்ல. மாட்டி அழகு பாத்தேன்டா, அம்புட்டுத்தான். கழட்டுறதுக்குள்ள கொட்டுச் சத்தம் கேட்டு ஓடிட்டேன். வந்து பாத்தா படகையே காணோம். நீ எடுத்துட்டுப் போனது தெரிஞ்சுச்சு. தம்பிக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நீ கட்டுறதையும் விட்டுட்டே, என் மூஞ்சியையும் பாக்கல. மச்சானைக் கொன்னவன்னு என்னைத்தான் மனசுல வச்சிருக்கேன்னு…"

அழுதாள். சத்தம் போட்டுத்தான் அழுதாள், அவள் குரல் அப்படி.

"நீ எனக்காகச் சொல்றேக்கா. நான் தப்பிக்கணும்னு சொல்றே."

"நான் எதுக்குடா உனக்காகப் பொய் சொல்லணும்? நீதான் எனக்காகச் சொல்றே!"

6

இங்கே மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் 'நான்தான்' என்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லக்கூடியவர்கள். எழுதியவன் நான், எனக்கே தெரியவில்லை.

முடிவு அ: ஜோதிமேரி சொன்னது உண்மை. அப்படியானால் மரியசெல்வம் நிம்மதியாகத் தூங்குவார், அவள் தூங்கமாட்டாள்.

முடிவு ஆ: அவள் சொன்னது பொய். அப்படியானால் இதுவரை சும்மா இருந்தவள் இன்றிலிருந்து ஒரு சுமையைத் தூக்கிக்கொள்கிறாள்.

இரண்டையும் என் மனைவி சண்முகவள்ளியிடம் படித்துக்காட்டினேன். அவள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்த வேதமுத்துவே மாட்டியிருக்க மாட்டாரா?"

"அவன் எதுக்கு மாட்டணும்?"

"புதுசாக் கல்யாணம் ஆன ஆம்பளை. பொண்டாட்டி முன்னால வேடிக்கை காட்டியிருப்பாரு. 'நனையாட்டி என்ன, பாப்போம்'னு சிரிச்சிருப்பாரு. அக்காளும் தம்பியும் மாத்தி மாத்தி அழுறாக, அந்த மனுசனை நீங்க ஒரு வார்த்தை பேச விட்டீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். சாவதற்கு மட்டும்தான் அவனைக் கதைக்குள் கூப்பிட்டிருக்கிறேன். அவன் எப்படிச் சிரிப்பான் என்றுகூட யோசிக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள். "கடலு சின்னப் படகைப் பாத்துட்டா வந்துச்சு?"

இல்லை. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். மரியசெல்வத்துக்கும் ஜோதிமேரிக்கும்கூடத் தெரியும். தெரிந்ததனால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

7

ஜோதிமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சின்னது எங்கலே? எரிச்சுட்டியா?"

மரியசெல்வம் பரணில் கையைவிட்டு எடுத்தார். அடுப்புப் புகையில் கறுத்திருந்தது. பாய்த்துணி கரையான் தின்றது போக நாலு இழை மிச்சம். சுக்கான் மட்டும் அப்படியே இருந்தது. அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சுக்கானை மெல்ல அசைத்து, கழற்றி எடுத்தாள். இற்றுப்போன பாய்த்துணியிலிருந்தே ஓர் இழையை உருவி அதைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"பெஞ்சமின் பய வத்தை நனையட்டும். பெறகு மாட்டிக்கிடலாம்."

"யாருக்கா மாட்டுறது?"

"அது —"

அவள் சொன்ன பதிலை எழுதிவிட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது, படித்தபோது சண்முகவள்ளி உளுந்தைக்கூட விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஆனால் இங்கே போடப்போவதில்லை.

காரணம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இதை எழுதும் இன்று பெஞ்சமினின் வத்தை இன்னும் கரையில்தான் நிற்கிறது. அந்தோணியார் திருவிழா கழிந்துதான் இறக்குகிறார்கள். பெஞ்சமின் நான் உண்டாக்கிய பையன், அவன் வத்தையும் என் பேனாவில் கட்டியது, எல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் அவன் வத்தை நனையும் முன்னால் இந்தக் கதையை முழுசாக்க என் கை வரமாட்டேன் என்கிறது. எனக்கும் பயம்தான், போங்கள்.

அதனால் அந்தக் கடைசி வரியை இங்கேயே நூலில் கட்டித் தொங்கவிடுகிறேன். அது உங்களுக்கு. யார் மாட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அவர் கையில் கொடுங்கள். அக்காவிடம் கொடுத்தாலும் சரி, தம்பியிடம் கொடுத்தாலும் சரி, சண்முகவள்ளி சொன்னதுபோல் சிரித்துக்கொண்டே வரும் வேதமுத்துவிடம் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட இப்போதே மாட்டிவிடாதீர்கள். பையன் போய்விட்டு வரட்டும்.