முப்பத்தேழாம் ஸ்லைடு

...இல்லை, இது அதுவாக இருக்காது, இறால் மாதிரிச் சுருண்ட சதை ஒரே ஒருத்திக்குத்தான் இருக்குமா என்ன, என்று தன்னையே அதட்டிக்கொண்டு துர்கா மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள், ஆனால் கண்ணாடிச் சில்லில் மூன்று துண்டுகள், இரண்டு சின்னது, மூன்றாவது தலை கிள்ளிய இறால் போல வளைந்து, வளைவின் உள்பக்கம் ஒரு கிழிசல்... அந்தக் கிழிசல் அவள் கைவேலை. போன தை மாதம் இதே லேப்பில் இந்தத் துண்டை மெழுகில் பதிக்கும்போது இடுக்கி வழுக்கிக் கிழித்தது, பதினோரு வருஷத்தில் வழுக்காத இடுக்கி அன்றைக்கு வழுக்கியது, கூடவே வந்த சீட்டில் ஆதிலட்சுமி, நாற்பத்திரண்டு, கனகசெட்டிக்குளம் என்று எழுதியிருந்தது. அண்ணி. அண்ணன் ராஜவேலின் மனைவி. ஹரிகிருஷ்ணன் டாக்டர் தன் ஆராய்ச்சிக்காக எல்லா ஸ்லைடிலும் பழைய நம்பரை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டிப் புது எண் போட்டுக் கொடுத்திருக்கிறார், யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாதாம், தெரிந்தால் கண் பொய் சொல்லுமாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பதித்த கைக்குத் தான் பதித்தது தெரியாதா? எழுந்துபோய், சார், இது எங்க அண்ணியோடது, வேற யாராவது பாக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை... பார்க்க வேண்டும், பார்த்தே ஆக வேண்டும், அவ்வளவுதான்.

பழுப்பு. நீல உட்கருக்களுக்கு நடுவே எத்தனை பழுப்பாகியிருக்கிறது என்று எண்ணி, பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். பழுப்பென்றால் அந்த செல்லுக்குள் சாக்ஸ்-2 இருக்கிறது என்று அர்த்தம், குழந்தை கருவாகும்போது எந்த மரபணு விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று ஏவுகிற புரதம், எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை அப்படியே வைத்திருக்கும், வேலை முடிந்ததும் அடங்கிக் கிடக்க வேண்டியது, கருப்பை வாயில் புற்று வந்தால் சிலருக்கு மறுபடி தலைதூக்குகிறது. அது நிறைந்த செல்கள், ஊரில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தாலும் சாகாமல் பதுங்கிக் கிடந்து பிறகு முளைக்கலாம் என்பது டாக்டரின் சந்தேகம். சந்தேகம்தான், இந்த மதிப்பெண்ணால் யாருக்கும் வைத்தியம் மாறப்போவதில்லை, நோயாளிக்குச் சொல்லவும் மாட்டார்கள்... அப்புறம் ஏன் லென்ஸை மறுபடி மறுபடி துடைக்கிறாள்? அண்ணிக்கு இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்து முடிந்து மூன்று மாதம், இன்றைக்குத்தான் ஸ்கேன், எடுத்துவிட்டு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், ரிசல்ட் திங்கட்கிழமை. ஓர் இடத்தில் எண்ணினாள், பழுப்பு. நகர்த்தினாள், அங்கேயும் பழுப்பு. எங்காவது நீலமாக ஒரு மூலை கிடைக்காதா என்று நகர்த்திக்கொண்டே இருந்தாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அண்ணிக்கு, கூடையைக் கிளறி நல்லதாகப் பொறுக்குகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும், எடுத்தா கூறோட எடு, இல்லனா கைய எடு என்பாள். மூலை கிடைத்தது. அங்கே மட்டும் எண்ணினால் ஒன்று போடலாம். போட்டால் மட்டும் என்ன, அண்ணிக்குள் இருப்பது வெளுத்துவிடுமா?

டாக்டரம்மா. ஊரில் அவளுக்கு அதுதான் பெயர், லேப் டெக்னீஷியன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள், கேட்க நன்றாகத்தானே இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் மகளின் சடங்கு, பந்தி பரபரப்பில் அண்ணி அவளைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துப்போய், வெள்ளை படுகிறது, உங்கள் அண்ணனோடு இருந்தால் ரத்தம் தெரிகிறது என்று குரலே எழாமல் சொன்னாள். துர்காவின் கையில் பாயச வாளி. "சூடுதான் அண்ணி, நாள் பூரா வெயில்ல உக்காந்து விக்கறீங்க இல்ல, வெந்தயத்த ஊறவச்சு வெறும் வயித்துல குடிங்க" என்றாள். தினம் இதே நோயின் சில்லுகளைச் சாயத்தில் முக்கி எடுக்கிறவள். ஒரு பரிசோதனை, ஐந்து நிமிஷம், கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தால்... லேப்புக்கு வருவதெல்லாம் யாரோ ஒருத்தியின் புற்று, வீட்டில் இருப்பவர்களுக்கென்றால் வெறும் சூடு. அண்ணி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை எடுத்ததில்லை, மறந்திருப்பாள் என்று துர்கா நிம்மதிப்பட்டிருக்கிறாள், அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருந்தது. முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே மூன்று என்று எழுதினாள்.

வராந்தாவில் அண்ணி டிபன் பாக்ஸைத் திறக்காமல் காத்திருந்தாள், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும் அளவுக்குக் கை இளைத்திருந்தது, ஸ்கேனில் உள்ளே ஜில்லென்று இருந்ததாம், பயமில்லையாம். சாப்பிடும் முன் பையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தாள், மஞ்சளாகத் தண்ணீர், அடியில் ஏதோ ஊறிக் கிடந்தது. என்ன அது என்று கேட்டிருக்க வேண்டாம், வாய் கேட்டுவிட்டது.

"வெந்தயத் தண்ணிதான். நீ சொன்ன அன்னிலேருந்து ஒரு நாளு விட்டதில்ல. உங்க அண்ணன் அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாரு, நாந்தான் துர்காவே சொல்லிட்டா, வேற எங்க போய் காட்றதுன்னேன்" என்றாள் அண்ணி, குற்றமாக அல்ல, பெருமையாக, எதிர் பெஞ்சில் இருந்தவளுக்கும் கேட்கும்படி. பிறகு முகத்தைப் பார்த்து, "கண்ணு என்னா இப்படி செவந்து கெடக்கு, உனக்கும் சூடுதான், இந்தா" என்று பாட்டிலை நீட்டினாள். துர்கா வாங்கிக் குடித்தாள், கசந்தது, முழுதாகக் குடித்தாள். மறக்கவில்லை, அண்ணி எதையுமே மறக்கவில்லை, மன்னிக்க ஏதாவது இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது... சொல்லிவிடலாமா, அது சூடே இல்லை அண்ணி, அன்றைக்கே இல்லை என்று? சொன்னால் இன்றிரவு இதை ஊறவைக்க மாட்டாளே, திங்கட்கிழமை வரைக்கும் அவள் எதை நம்பி இருப்பாள்?