இடது காலுக்கு ஓர் இடம்

முத்துவேல் காரில் ஏறியதும் முதலில் சௌகரியமாக உட்கார்வது அவருடைய இடது கால்தான். வலது கால் பாவம், பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே எடுபிடி வேலை பார்க்கும். இடது கால் அப்படியல்ல. கிளட்ச் மிதியின் மேல் ஏறி அமர்ந்தால் வண்டி வீட்டு வாசலுக்குத் திரும்பும்வரை இறங்காது. கியர் மாற்றுகிறாரோ இல்லையோ, கால் அங்கே இருக்கும்.

இந்தப் பழக்கம் அரசாங்கம் கொடுத்தது. உத்திரமேரூரில் ஓர் அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளராக இருந்தார். மேசைக்கு அடியில் சரிவாக ஒரு மரப்பலகை கிடக்கும். மனுவோடு யாராவது எதிரே வந்து நின்றால் இடது காலைத் தூக்கி அந்தப் பலகையில் வைப்பார். வலது கையை உயர்த்தி, கொசு ஓட்டுவதுபோல இரண்டு முறை அசைப்பார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். பலகையில் கால் இல்லாமல் அந்த வாக்கியம் அவருக்கு வராது. ஓய்வுபெற்ற அன்று சால்வை, சுவர்க் கடிகாரம், ஆளுயர மாலை எல்லாம் கொடுத்தார்கள். பலகையை மட்டும் கொடுக்கவில்லை. அது அரசாங்கச் சொத்து. அதன் பிறகு கொஞ்ச காலம் அந்தக் கால் வீட்டுக்குள் நாதியற்று அலைந்தது. டி.வி. ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தார், அரிசி டிரம்மில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஒத்துவரவில்லை. கார் வந்த பிறகுதான் காலுக்கு மறுபடியும் பதவி கிடைத்தது.

கார் வந்தது அவர் மனைவி கனகாவின் கண்ணுக்காக. அவளுக்கு வலது கண் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை; ஓரத்திலிருந்து இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து குடியேறிவிட்டது. காஞ்சிபுரத்தில் பார்த்த டாக்டர், கண்ணுக்குள்ளே அழுத்தம் என்றார். போனது போனதுதான், திரும்பாது. இடது கண்ணிலும் அதே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட்டால் இருக்கிற பார்வை நிற்கும் என்றார்.

"மாசா மாசம் பஸ்ஸுல இடிபட்டுக்கினு எவ போவா?" என்று கேட்டது கனகாதான். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அதுவும் ஓரகத்தி மலர்க்கொடி காதில் விழும்படி கேட்டாள்.

"ஏன்க்கா, பஸ்ஸுல லேடீசுக்கு டிக்கெட்டே கெடையாது. ஜம்முனு போய்ட்டு வரலாமே" என்றாள் மலர்க்கொடி.

"நீ போவே. எனக்கு இன்னா தலையெழுத்தா? இவரு கார் எடுக்கறாரு."

அப்போது அவர் கார் எடுப்பதாகவே இல்லை. ஆனால் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் சொன்ன பிறகு எடுக்காமல் இருக்க முடியுமா? சென்னையில் யாரோ வைத்திருந்த பழைய சின்னக் கார் ஒன்று வந்து சேர்ந்தது. பின் கண்ணாடியில் 'கண்காணிப்பாளர்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டினார். அதன் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல 'ஓய்வு' என்று இருந்தது.

ஓட்டக் கற்றுக்கொண்டதும் முறையாகத்தான். பயிற்சிப் பள்ளிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு கிளட்ச் உண்டு. பயிற்சி முழுக்க அதை மிதித்தவர் அவர். ஓட்டியதாக நினைத்துக்கொண்டவர் முத்துவேல். ஆபீசிலும் முப்பது வருஷம் இப்படியே நடந்ததால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முதல் கிளட்ச் ஆறு மாதம் தாங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஞானதாஸ் வண்டியைப் பிரித்து, கருகிய பிளேட்டை வெளியே எடுத்துப் போட்டான்.

"அப்பளமா பூட்ச்சு சார்."

"எதனால?"

ஞானதாஸ் அவர் முகத்தைப் பார்த்தான். பின் கண்ணாடியைப் பார்த்தான். "ரோடு சார். ஜல்லி லாரி போய்ப் போய் ரோடா கீது இது? அடிக்கு அடி ஸ்பீடு பிரேக்கரு. உங்க மேல தப்பே இல்ல. நீங்க ஓட்டறது பூ மாரி சார்."

பூ மாதிரி என்ற சொல்லுக்காக முத்துவேல் பேரம் பேசாமல் பணம் கொடுத்தார். அந்த மாதம் கனகாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. "வண்டி இருந்தாத்தானே ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்? மொதல்ல வண்டி, அப்புறம் கண்ணு" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. கனகாவும் தலையாட்டினாள்.

இரண்டாவது கிளட்ச் போனபோது, ஊர்க் கண் பட்டுவிட்டது என்று முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்தார். ஆபரேஷனுக்கென்று எடுத்து வைத்திருந்தது ஞானதாசிடம் போனது. கனகா அவர் இல்லாத நேரம் பார்த்து ஞானதாசிடம் கேட்டாள்.

"ஏம்ப்பா, அந்த மிதி மேலயே கால வெச்சிக்கினு கீறாரே, அதனாலயா?"

ஞானதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அதேதாம்மா. லேசா கால் பட்டா போதும், உள்ள பிளேட்டு பாதி புடிச்சிக்கினு பாதி வுட்டுக்கினு ஒரசும். ஒரசிக்கினே இருந்தா தீஞ்சிடும்."

"அத அவராண்ட சொல்லேன்."

"நீங்க சொன்னீங்களா?"

சொல்லியிருந்தாள். 'அப்ப காலை எங்க வெக்கறது, உன் தலை மேலயா?' என்று கேட்டிருந்தார்.

"நான் சொன்னா கோச்சிக்கினு வேற மெக்கானிக்காண்ட பூடுவாரும்மா. அவன் என்னவுட ஜாஸ்தி பில்லு தீட்டுவான். என்னாண்டயே இருக்கறது உங்களுக்கு லாபம்" என்றான் ஞானதாஸ். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அந்த வீட்டைச் சுற்றி நியாயத்துக்குக் குறைவே இல்லை.

இடது கண்ணிலும் இருட்டு இப்போது ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது. கனகா தட்டில் சோற்றைப் பார்த்தால் பொரியல் தெரியாது. பொரியலைப் பார்த்தால் ரசம் தெரியாது. கடைசியாகக் காட்டப்போனபோது டாக்டர் குரலை உயர்த்தியே சொன்னார்: "இனிமே தள்ளிப்போட்டீங்கன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா." ஆபரேஷன் செய்பவர் சென்னையிலிருந்து மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வருகிறவர். மதியத்துக்குள் முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார். அடுத்து அவர் வருகிற வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அந்த வெள்ளி காலை கனகா தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் பின்னிக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு பல நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மறுபடி சேர்த்திருந்த ஆபரேஷன் பணத்தைக் கைப்பையில் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டு காரில் ஏறினாள். ஏறியதும் புருஷன் மறைந்துபோனார். அவர் உட்கார்வது அவளுக்கு வலப்பக்கம். அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. அவரைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை முழுசாகத் திருப்ப வேண்டும். அவள் திருப்புவதில்லை. கண் போகப் போக மூக்கு கூர்மையாகியிருந்தது; வண்டியின் சேதி அவளுக்கு மூக்கு வழியாகவே வந்துவிடும்.

ஊரைத் தாண்டி, ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, நாலைந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் சேதி வந்தது. மயிர் பொசுங்குகிற வாசனை.

"நாத்தம் வருதுங்க."

"லாரிக்காரனுது."

"லாரி எப்பவோ பூட்ச்சு. நம்ம வண்டிதான்."

"உனக்குக் கண்ணு பேஜாரா, மூக்கு பேஜாரா?"

கனகா கண்ணாடியை இறக்கினாள். வெளியே நாற்று நட்ட வயல். காற்றில் சேற்று வாசனை இருந்தது. கண்ணாடியை ஏற்றினாள். உள்ளே மயிர் பொசுங்கியது.

செய்யாற்றுப் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் இஞ்சின் திடீரென்று அலறியது. சத்தம் மட்டும் போனது, கார் போகவில்லை. முத்துவேல் ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தார். இஞ்சின் இன்னும் அலறியது. பேச்சாளர் தொண்டை கிழியக் கத்தியும் கூட்டம் கைதட்டாமல் இருந்தால் எப்படியோ, அப்படி இருந்தது. பிறகு கார் மெல்லப் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, நாலு பேர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். டயருக்குப் பின்னால் ஒரு பெரிய கருங்கல்லை முட்டுக் கொடுத்தார்கள்.

முத்துவேல் ஞானதாசுக்குப் போன் செய்தார். "இதோ கெளம்பிக்கினே கீறேன் சார்" என்றான் ஞானதாஸ். பின்னணியில் யாரோ இன்னொரு இட்லி வைக்கச் சொல்வது கேட்டது.

"பஸ்ஸுல பூடலாங்க" என்றாள் கனகா.

"இன்னா பேசறே? கார் வெச்சிக்கினு பஸ்ஸுக்குக் கை காட்டுவாங்களா? அவன் வந்து நிமிஷத்துல சரி பண்ணிடுவான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. அப்போது கனகா செய்த காரியம், கை காட்டியதல்ல, தலையைக் குனிந்துகொண்டதுதான். ஊர்க்காரர்கள் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டால்? மலர்க்கொடி இருந்தால்? பஸ் போன பிறகே நிமிர்ந்தாள். எவளுக்குப் பயந்து எதை விட்டோம் என்று நினைத்தாள்.

ஞானதாஸ் வரவில்லை. வெயில் ஏறியது. கனகா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "எங்கம்மா கீறீங்க? உங்களுக்காகத்தான் சார் வெய்ட் பண்றாரு. இப்பவே வந்தாத்தான், இல்லன்னா அவரு கெளம்பிடுவாரு" என்றாள் நர்ஸ்.

கனகா காரை விட்டு இறங்கினாள். கைப்பையை இடுக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்று, ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை மலர்க்கொடியே பஸ்ஸின் கூரைமேல் உட்கார்ந்து வந்தாலும் ஏறுவதென்று முடிவு செய்துவிட்டிருந்தாள். அவளுக்கு மிச்சமிருந்த வட்டத்துக்குள் தூரத்தில் பஸ் ஒன்று முளைத்தது. கையை நீட்டினாள். நீட்டியதோடு நிற்காமல் ஆட்டினாள். பஸ் வேகம் குறைந்தது. டிரைவர் அவளைப் பார்ப்பதைக்கூட அவள் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தாள்.

பஸ் நிற்கவில்லை. ஓர் உறுமலோடு வேகமெடுத்து அவளைத் தாண்டியது. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் கத்தினார்:

"இன்னாய்யா, அந்தம்மா நிறுத்துன்னு கை காட்டுது, நீ போ போன்றே! உங்க வூட்டு சண்டைய வூட்லயே வெச்சிக்கக் கூடாதா?"

கனகா கழுத்தை வலப்பக்கம் முழுசாகத் திருப்பினாள். இருட்டு நகர்ந்து அதிலிருந்து முத்துவேல் வெளியே வந்தார். டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லின் மேல் இடது காலை வைத்துக்கொண்டு நின்றார். வலது கை உயர்ந்தபடியே இருந்தது. கொசு ஓட்டுகிற அதே அசைவின் கடைசிப் பாதி இன்னும் அதில் மிச்சமிருந்தது.

"அவரு பூடுவாருங்க" என்றாள் கனகா.

"இதுக்குப் போய் கண் கலங்கறே. டாக்டர் எங்க பூடப்போறாரு? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

முப்பது வருஷம் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் எப்படிப் போயிருப்பார்கள் என்று கனகா நினைத்தது கிடையாது. இப்போது நினைத்தாள். படி இறங்கிப் போயிருப்பார்கள். வேறென்ன செய்ய முடியும்? இங்கே இறங்கிப்போகப் படிகூட இல்லை.

ஞானதாஸ் குட்டியானை மினி லாரியில் கயிறோடு வந்தபோது, டாக்டர் கிளம்பிவிட்டதாக நர்சும் போன் செய்துவிட்டிருந்தாள். அவன் குனிந்து மோந்து பார்த்தான். மேட்டைப் பார்த்தான்.

"மேடு அப்பிடி சார். உங்க மேல தப்பே இல்ல. பணம் குடுத்தீங்கன்னா இப்பவே ஒரு ஆள காஞ்சிபுரம் பஸ்ஸுல ஏத்தி அனுப்பிடறேன். மதியத்துக்குள்ள பிளேட்டு வந்துடும்."

"மதியத்துக்குள்ளயா?" என்றாள் கனகா.

"ஆமாம்மா. பஸ்ஸுக்கு இன்னா கொறச்சல், வந்துகினேதான் கீது."

முத்துவேல் அவள் பக்கம் கையை நீட்டினார். கனகா கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள். எண்ணவில்லை. வண்டி இருந்தால்தானே ஆஸ்பத்திரி.

கயிறு கட்டி இழுக்க, கார் ஊரைப் பார்த்துத் திரும்பியது. முத்துவேல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இழுப்பது குட்டியானையல்ல, தாம்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறோம் என்பதுபோல. இஞ்சின் ஓடவில்லை. இனிமேல் தேய உள்ளே ஒன்றும் மிச்சமும் இல்லை. ஆனாலும் இடது கால் மிதியின் மேல்தான் இருந்தது. கனகா கழுத்தைத் திருப்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராகத் திரும்பி, இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

வயல் போய்விட்டது. ரோடு போய்விட்டது. கயிறு இழுபடுகிற முனகலும், மயிர் பொசுங்குகிற வாசனையும் மட்டும் இருந்தன.

"இன்னாடி, கண்ணுல தூசி பூந்துடுச்சா?" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது.

"இல்லீங்க" என்றாள் கனகா. கையை எடுக்கவில்லை. "எப்பிடி இருக்கும்னு பாத்துக்கினு கீறேன்."