வழங்குநர் இரண்டு

ஏலம் என்றால் விலை ஏறும். கற்பிட்டிக் கரையில் மீன் ஏலம் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ரம்ஸியா அன்று காலை உட்கார்ந்திருந்த ஏலத்தில் விலை இறங்கும். அந்த இணையத்தளச் சந்தையில் வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர்கள் பலர். கொழும்புப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று அறுபது தொன் உப்புக் கேட்டிருந்தது. தொன்னுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் தரமாட்டோம் என்றும் சொல்லியிருந்தது. பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை, விற்க வந்தவர்கள் ஒருவரை விட ஒருவர் குறைத்துக் கேட்க வேண்டும். கடிகாரம் நிற்கும்போது யாருடைய விலை ஆகக் கீழே இருக்கிறதோ அவருக்கே வியாபாரம்.

யார் யார் கேட்கிறார்கள் என்பதைத் தளம் காட்டாது. வழங்குநர் ஒன்று, வழங்குநர் இரண்டு என்று இலக்கம் மட்டுமே. ரம்ஸியா வழங்குநர் நான்கு. இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு இதைவிடத் தோதான சந்தை கிடையாது. கணவன் நஜாத் கண்மூடி மௌத்தாகி அன்றோடு இருபத்து மூன்று நாள். இத்தா முடியும்வரை, நான்கு மாதமும் பத்து நாளும், அவள் அந்நிய ஆண்கள் முன்னே போகக் கூடாது. ஆனால் உப்பு அத்தனை நாள் காத்திருக்காது. அவர் விளைவித்த அறுபது தொன்னும் களப்போரம் தென்னங்கிடுகு மூடிக் குவிந்து கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன் விற்காவிட்டால் அது கரைந்து வந்த இடத்துக்கே போய்விடும். அதோடு குத்தகை கட்ட வழியின்றி உப்புப் பாத்தியும் போகும்.

புத்தளம் தில்லையடி வீட்டின் உள் அறையில், நஜாத்தின் மடிக்கணினியை அவர் போன பிறகு முதல் தடவையாகத் திறந்து வைத்திருந்தாள். பதிவு செய்ததெல்லாம் தன் கைத்தொலைபேசியில்தான். அதில் கடிகாரம் சரியாகத் தெரியாது என்பதால் இன்று இது. பக்கத்தில் அவளுடைய மூத்த சகோதரி, முனவ்வரா ராத்தா, தஸ்பீஹ் மணிமாலையும் கையுமாக இருந்தாள்.

"அந்த மனிசன் இருக்கேக்குள்ளயே இதுக்குப் போட்டிருந்தா உனக்கு இந்தப் பாடு இல்ல," என்றாள் முனவ்வரா.

ரம்ஸியா அவரோடு கதைத்த கடைசிக் கதையே அதுதான். மௌத்துக்கு முதல் நாள் இரவு, "டெண்டருக்குப் போட்டீங்களா?" என்று கேட்டாள். மூன்றாம் தடவை.

"போட்டாச்சு புள்ள. நான் தூங்கினாலும் அது தன்பாட்டுல பேரம் பேசும்."

பகிடி என்று நினைத்தாள். தட்டிக்கழிக்கிற ஆள் அவர். வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் இப்படித்தான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த நாள் அவள் எழும்புவதற்குள் அவர் உப்பளத்துக்குப் போயிருந்தார். பத்து மணியளவில் வாய்க்கால் ஓரம் விழுந்தார். சட்டைப் பையில் இருந்த தொலைபேசியும் உப்புத் தண்ணீரில் ஊறிப்போனது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

பத்து மணிக்கு ஏலம் திறந்தது. வழங்குநர் ஒன்று ஐம்பத்தெட்டாயிரம் என்றார். அந்தக் கணமே வழங்குநர் இரண்டு: 57,786.

"எழுநூத்தி எண்பத்தாறு," என்றாள் முனவ்வரா, திரையை எட்டிப் பார்த்து. "நம்மட ஆக்கள் ஆரோ."

பிஸ்மில்லாஹ்வைக் குறிக்கிற எண் அது. கடைப் பலகையிலும் லொறிக் கண்ணாடியிலும் எழுதுவார்கள். நஜாத் விலையிலும் எழுதுவார். ஆனால் புத்தளத்தில் அப்படி எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். ரம்ஸியா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வழங்குநர் இரண்டின் வேகம்தான் அவளுக்குப் பயத்தைத் தந்தது. யார் குறைத்தாலும், கண் மூடித் திறப்பதற்குள் அதற்குக் கீழே போய் நிற்கும், அதே 786 வாலோடு. ஐம்பதாயிரம் வந்தபோது வழங்குநர் ஒன்றும் மூன்றும் ஒதுங்கிவிட்டார்கள். பத்தரை மணிக்கு மிஞ்சியது இரண்டு பேர்.

அவள் 47,500 போட்டாள். உடனே 46,786.

திரையின் மூலையில், விலையையே பார்த்திருந்ததில் அதுவரை அவள் கவனிக்காத ஒரு சிறு பெட்டி எழும்பியது. மின்னஞ்சல். தனக்கு வந்தது என்று நினைத்துத் தட்டினாள்.

அன்புள்ள நஜாத் அவர்களுக்கு, உங்கள் தானியங்கி விலை 46,786 பதியப்பட்டது. நீங்கள் முன்னணியில் இருக்கிறீர்கள்.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். அது அவருடைய அஞ்சல் பெட்டி. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு விலைக்கும் ஒரு கடிதம் கிடந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் முதல் கடிதம், மௌத்துக்கு முதல் நாள் பின்னேரம் நான்கு நாற்பதுக்கு வந்தது. அதிலிருந்து விஷயம் தெளிவாகப் புரிந்தது. ஏல நாளில் ஆள் இருக்க வேண்டியதில்லை. எந்த விலையில் தொடங்க வேண்டும், எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, ஒரு தடவைக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் போதும். மற்றவர்கள் குறைக்கக் குறைக்க, தளமே அவர் பெயரில் குறைத்துக்கொண்டு போகும். நஜாத் எழுதியிருந்தார்: 57,786இல் தொடங்கு. ஆயிரம் ஆயிரமாகக் குறை. 42,000க்குக் கீழே போகாதே.

நாற்பத்திரண்டு அவள் சொன்ன கணக்கு. "அதுக்குக் கீழ போனா உப்பக் கொட்டிட்டு மண்ண அள்ளி விக்கலாம்," என்று சோற்றுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னது. அவர் காதில் விழுந்ததாகக்கூட அவள் நினைக்கவில்லை.

"என்ன புள்ள, முகம் இப்படிப் போச்சு?"

ரம்ஸியா கடிதத்தைக் காட்டினாள். முனவ்வராவின் கையில் தஸ்பீஹ் நின்றது.

"அப்ப அந்த ரெண்டாம் ஆள்..."

"ஓம்."

முனவ்வரா மெல்லக் கேட்டாள். "அவர் பேருல கிடைச்சாலும் நமக்குத்தானே?"

"இல்ல ராத்தா. வென்ற ஆள் தொலைபேசிக்கு வாற இலக்கத்தப் போட்டு ஏத்துக்கொள்ளோணும். அந்தத் தொலைபேசி செத்துப்போச்சு. ஏத்துக்கொள்ளாட்டி ஏலமே ரத்து. திரும்ப வைக்கிறதுக்குள்ள மழ வந்துரும்."

"அவங்களுக்கு எடுத்துச் சொல்லன்."

"ஒரே உப்பு, ரெண்டு பேருல கேட்டிருக்கு. களவெண்டுதான் நினைப்பாங்க."

ஆக, அவரை அவள் தோற்கடிக்க வேண்டும். வழியும் தெரிந்திருந்தது. ஆயிரம் ஆயிரமாக இறங்கினால் அவர் 42,786 வரைதான் வர முடியும். அடுத்த படி 41,786. அது அவருடைய எல்லைக்குக் கீழே. 42,000 என்று போட்டால் அவரிடமிருந்து பதில் வராது. நேரே அதைப் போட்டுவிட்டு எழும்பலாம்.

அவள் 46,200 போட்டாள்.

45,786. அன்புள்ள நஜாத் அவர்களுக்கு, நீங்கள் முன்னணியில் இருக்கிறீர்கள்.

45,200. அவர் 44,786.

"எதுக்கு இழுத்துக்கிட்டிருக்காய்?" என்றாள் முனவ்வரா. "அடிக்கிறத ஒரேயடியா அடி."

"கொஞ்சம் இருங்க ராத்தா."

உப்பு எடுக்கிறதில் கடைசித் தண்ணீர்தான் முக்கியம் என்று நஜாத் சொல்வார். உப்புப் படிந்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரை வற்ற விட்டால் உப்பே கசக்கும். எப்போது திறந்து விடுவது என்று தெரிய வேண்டும். அவர் சில நாள் இரண்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுப்பார்.

44,200. 43,786 என்று அவர் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். 43,200. வந்த பதில் 42,786.

பதினொரு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. அவள் விரல்கள் பொத்தான்களின் மேல் அப்படியே கிடந்தன. இரண்டு நிமிடம். முனவ்வரா அவள் முதுகில் கை வைத்தாள்.

அவள் 42,000 அடித்தாள்.

கடைசி நேரத்தில் யாராவது விலை போட்டால் தளம் இன்னும் ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுக்கும். மற்றவர் யோசித்துப் பதில் சொல்வதற்கான நேரம் அது. கடிகாரம் ஐந்துக்குத் திரும்பியது. மூலையில் பெட்டி எழும்பியது.

அன்புள்ள நஜாத் அவர்களுக்கு, உங்கள் விலையைவிடக் குறைந்த விலை வந்துள்ளது. பதில் தர விரும்புகிறீர்களா?

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

வராது என்று அவளுக்குத் தெரியும். ஏன் வராது என்று படிப்படியாக விளக்கவும் தெரியும். இருந்தும் வழங்குநர் இரண்டு என்ற வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நிமிடம். மூன்று. வெளியே பள்ளிக்கூடத்து இடைவேளை மணி அடித்தது. ஒரு நிமிடம் இருக்கும்போது, "இன்னும் ஒருக்கா," என்று வாய்க்குள் சொன்னாள். 42,786 அப்படியே நின்றது.

கடிகாரம் பூச்சியத்துக்கு வந்தது. வழங்குநர் நான்கின் வரி பச்சையானது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் முனவ்வரா. "கிடைச்சிட்டு புள்ள. உப்புப் போயிரும்."

ரம்ஸியா நான்கு நாற்பதுக்கு வந்த அந்த முதல் கடிதத்தைத் திரும்பவும் திறந்திருந்தாள்.

"அவர் போட்டுத்தான் இருந்தாரு, ராத்தா," என்றாள். "நான் கேக்க முந்தியே போட்டிருக்காரு."