ஒரு முழ இடைவெளி

என் அக்கா தங்கபுஷ்பத்துக்கு ஆசைகள் அதிகம் கிடையாது. இருந்த ஒன்றிரண்டையும் கேட்டு வாங்குகிற சாமர்த்தியம் அவளுக்கு இல்லை. கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகுதான், அத்தானோடு சேர்ந்து ஒரு போட்டோ வேண்டும் என்று வாய் திறந்தாள்.

அத்தான் சண்முகசுந்தரத்துக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. பாண்டி பஜாரில் நடந்து போனாலே நாலு ஸ்டூடியோ தட்டுப்படும். ஆனால் அவருக்குக் கடையை விட்டு வர நேரம் ஏது? கல்யாணம் எங்கள் ஊரில் நடந்தது. அங்கே படம் எடுக்க ஆள் கிடையாது. ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அதைத் தூக்கிக்கொண்டாவது ஸ்டூடியோவுக்குப் போயிருப்பார்கள். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

தனியாக எடுக்க அக்கா ஒத்துக்கொள்ளவே மாட்டாள். சுமங்கலியைத் தனியாக எடுத்த படம் மாலை போடத்தான் ஆகும் என்பாள். நான் அவர்கள் வீட்டில் தங்கி ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தபோதுகூட, கேமராவைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் தம்பி ஜவஹர் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினான். எழுபத்தொன்பதாம் வருஷம். கையில் ஒரு ஜப்பான் கேமரா, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிதாக. தூரம் பார்த்து லென்ஸைத் திருக வேண்டியதில்லை, பட்டனை அமுக்கினால் அதுவே தூரத்தைக் கண்டுபிடித்துப் பளிச்சென்று எடுத்துவிடும், ஃபிளாஷும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் செய்து காட்டினான். சோறும் அதுவே வடித்துவிடுமா என்று கேட்டேன். உனக்குப் பொறாமை என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் அத்தான் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். அக்கா கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். உடம்பு இளைத்துப் போனதில் கொசுவம் நிற்கவில்லை. நான்தான் ஊக்கு குத்திவிட்டேன். மாடிப்படி இறங்க அவளால் முடியாது என்பதால் ஹாலிலேயே எடுப்பது என்று ஆயிற்று.

அங்கே சுவரோரம் பிரம்பு நாற்காலியில் அத்தானின் அம்மா வேலம்மா உட்கார்ந்திருந்தார். கால் வீக்கம், இரண்டு பேர் பிடித்தால்தான் எழுந்திருக்க முடியும். நான் உள்ளே போய்விடட்டுமா என்று கேட்டார். நீங்கள் இருங்கள் அத்தை என்று அக்கா தடுத்துவிட்டாள். மாமியார் கண் முன்னால் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகூட அறியாதவள், ஒட்டியா நிற்பாள்? நாற்காலிக்கு முன்னால் வந்து நின்ற அத்தானை விட்டு ஒரு முழம் தள்ளியே நின்றாள். கிட்டே போ அக்கா என்று ஜவஹர் சொல்லிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்து சிரித்தாளே தவிர நகரவில்லை. அத்தானும் நகரவில்லை. வேலம்மாவும் எதுவும் சொல்லவில்லை. நான் பிடித்துத் தள்ளப் போனேன், அக்கா முறைத்தாள். நாலு படம் எடுத்தான். நாலிலும் அதே இடைவெளி.

ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா கண் விழிக்கவேயில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. பிலிமைக் கழுவி வாங்கிவரப் போன ஜவஹர், திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். நான்தான் கையிலிருந்து கவரைப் பிடுங்கினேன்.

நாலு படத்திலும் அக்காவின் முகம் தண்ணீர் பட்ட மை மாதிரி கலைந்து கிடந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. அத்தானும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவில், பின்னால், வெள்ளைச் சேலையில் வேலம்மா மட்டும் அத்தனை தெளிவாக இருந்தார். விரலின் சுருக்கம்கூடத் தெரிந்தது.

கேமராவோடு வந்த சின்னப் புத்தகத்தை ஜவஹர் அப்போதுதான் பிரித்துப் படித்தான். கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடிக்குள் நடுவில் ஒரு குறி இருக்கிறதாம். அந்தக் குறிக்குள் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய தூரத்தைத்தான் அது பார்க்குமாம். அக்கா கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும், குறி அவள் மேல் விழுந்திருக்கும். பெரிதாக்கினால் முகம் தெரியுமா என்று கேட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். இன்னும் கலங்கலாகத்தான் வரும் என்றார்கள். வந்த ஆத்திரத்துக்குக் கேமராவைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். கோபம் அதன் மேலா, அந்த நாற்காலி மேலா, நகராமல் நின்ற அக்கா மேலேயேதானா என்று எனக்கே தெரியவில்லை. என் அக்காவின் முகம் இனி எங்கேயும் கிடையாது. அதுதான் தாங்கவில்லை.

வேலம்மா ஒரு படத்தைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தானைக் கூப்பிட்டார்.

"சேந்து நில்லுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலியேய்யா," என்றார். "நடுவுல இருக்கிற என்னைய வெட்டி எடுத்துட்டு, உங்க ரெண்டு பேரையும் சேத்து ஒட்டித் தரச் சொல்லு."

அத்தான் படத்தை வாங்கிக் கவருக்குள் வைத்தார்.

"வேண்டாம்மா," என்றார். "நீங்க இருக்கையில அவ என் பக்கத்துல வந்து நிக்க மாட்டா."