வாத்து மேய்க்கும் சிப்பிப்பாறை

"ஜோதி, இது இன்னா கண்றாவி?"

பைக்கை விட்டு இறங்கியதும் ஆதிநாராயணன் தங்கையிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நல்லா கீறியா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கண்ணெல்லாம் வயலில் இருந்தது. அறுப்பு முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் கொத்திக்கொண்டு போக, அதன் பின்னால் ஒட்டிய வயிறும் நெடுங்காலுமாக ஒரு வெள்ளை நாய், கல்யாண ஊர்வலத்தில் வருகிற பெரிய மனுஷி மாதிரி நிதானமாக நடந்து போனது. போன வருஷம் அவரே குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்த சிப்பிப்பாறை.

"நம்ம சிட்டுதாண்ணா, வாத்து மேய்க்குது," என்றாள் ஜோதிலட்சுமி.

"மொயல் தொரத்தறதுக்குன்னே பொறந்த ஜாதிமா அது! அத்தப் போயி வாத்து பின்னால நடக்க உட்டுக்கீற!"

"மொயலத் தொரத்துனா ஃபாரஸ்ட்காரன் உன்னத் தொரத்துவான். பரவால்லியா?"

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் காலை ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்த அவள் புருஷன் பரசுராமன், சட்டையில் ஒட்டியிருந்த நிலக்கரித் தூளைத் தட்டிக்கொண்டே பேச்சில் புகுந்தான்.

"மச்சான், மொயலும் இல்ல, வாத்தும் இல்ல. இது ரேஸ் நாய். காலப் பாத்தாலே தெர்ல?"

"மாப்ள, நீ பெல்ட்டுல கரி ஓடறதப் பாரு. நாய் ஓடறத நான் பாத்துக்கறேன்."

சாப்பாட்டில் உட்கார்ந்தும் இதே பேச்சு. மீன் குழம்பை ஊற்றினால் ஊற்றினதுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு காய்ந்த ஏரியில் நாய்ப் பந்தயம். சிட்டு ஜெயித்தால் அது ரேஸ் நாய்; பரசுராமனின் சிநேகிதன் சாலமோன் பொன்னேரியில் வைத்துப் பழக்குவான். தோற்றால் ஆதிநாராயணன் தன் ஊரான ஊத்துக்கோட்டைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"ஏங்க, ஜெயிச்சாலும் தோத்தாலும் என் நாய் என்கிட்ட இருக்காதே?" என்றாள் ஜோதி.

"குழம்புல உப்பு கம்மி," என்றான் பரசுராமன்.

அவன் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டால் அத்தனை வாத்தோடும் அவள் ஒருத்திதான். சிட்டு வருவதற்கு முன்னால் மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு வரப்பு ஓடி முழங்கால் வீங்கிப் போனவள். குட்டியாக இருந்தபோது சிட்டு வாத்தைக் கவ்வத்தான் பார்த்தது. அதட்டியும் கொஞ்சியும் அவள் ஒரே ஒரு வார்த்தையைப் பழக்கினாள்: "மடக்கு!" அது காதில் விழுந்தால் போதும். சிட்டு அம்பாகப் பாய்ந்து, விலகிப் போகும் வாத்துகளைச் சுற்றிக்கொண்டு அவற்றுக்கு முன்னால் போய் நின்று முறைக்கும். வாத்துகள் மரியாதையாகத் திரும்பிவிடும். குரைப்பு இல்லை, கடி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாத்துகளைப் பக்கத்து வயல்காரி மணியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். ஏரியில் திருவிழாக் கூட்டம். சர்பத் வண்டி, மைக் செட், கலர் கலராய்க் கழுத்துப்பட்டை கட்டிய நாய்கள். மைதானத்தின் கடைசியில் ஒரு பைக்கைத் தூக்கி நிறுத்தி, அதன் பின்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றியிருந்தார்கள். பைக்கை முறுக்கினால் கயிறு சுருளும். இந்த முனையில் கட்டிய துணிமுயல் தரையோடு பறக்கும்.

மழை கொட்டட்டும், அந்தப் பைக்கு ஸ்டார்ட் ஆகாமல் போகட்டும் என்று ஜோதி வேண்டாத தெய்வமில்லை. வெயில் சுளீரென்று அடித்தது. பைக் முதல் உதையிலேயே உறுமியது.

துணிமுயல் பறந்தது. ஆறு நாய்கள் பாய்ந்தன.

சிட்டு நேர்கோட்டில், முழு மூச்சில் ஓடி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வயலில் ஏது அவ்வளவு இடம்? கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மற்ற ஐந்தும் பின்னால் புழுதியில் கிடக்க, அவளுடைய சிட்டு மட்டும் தனியாக! ஜோதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாலமோன் மறந்து போனான், ஊத்துக்கோட்டை மறந்து போயிற்று. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வயலில் கத்துகிற அதே குரலில், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"மடக்கு, சிட்டு! மடக்கு!"

சிட்டுவின் காது நிமிர்ந்தது. அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒரு வளைவு அடித்துத் துணிமுயலைத் தாண்டிப் போய், அதற்கு முன்னால் நின்று திரும்பி முறைத்தது. பைக்கை முறுக்கியவன் அலறியடித்து நிறுத்தினான். பின்னால் வந்த நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிந்தன. சிட்டு அவற்றையும் ஒரு சுற்று சுற்றி, ஒரே கும்பலாக்கி நிறுத்திவிட்டு, அடுத்து இன்னா என்பதுபோல ஜோதியைப் பார்த்தது.

ஏரியே சிரித்தது. மைக் பிடித்தவரும் சிரித்துக்கொண்டேதான் அறிவித்தார்.

"நாலாம் நம்பர் நாய்... அவுட்டு! யாரும்மா அது மடக்குன்னு சொன்னது? எங்க பந்தயத்தையே மடக்கிட்டியேம்மா!"

"வேணும்னே தான கத்துன?" பரசுராமன் பல்லைக் கடித்தான்.

"சத்தியமா இல்லய்யா! ஜெயிக்கணும்னுதான் கத்துனேன். வேற வார்த்த எனுக்குத் தெரியாதே!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆதிநாராயணன் மட்டும் முகத்தைக் கட்டையாக வைத்துக்கொண்டு சொன்னார்: "பேச்சு பேச்சுதான். தோத்துச்சி. நான் இட்டுக்கினு போறேன்."

ஊர் வந்ததும் ஆதிநாராயணன் சிட்டுவின் கழுத்தில் புதுச் சங்கிலியை மாட்டினார். அந்த நேரம் பார்த்து வயல் பக்கமிருந்து மணியம்மாளின் கூப்பாடு.

"ஐயையோ, ஓடியாங்க! எல்லாம் என் நாத்துல எறங்கிடுச்சி!"

கண்ணயர்ந்தாளாம், ஒரே ஒரு நிமிஷம். புதிதாக நட்ட நவரைப் பருவ நெல் வயலுக்குள் வாத்துகள் நாலா பக்கமும் பரவி, நாற்றைச் சாய்த்துக்கொண்டு கும்மாளமடித்தன. பரசுராமன் கழியோடு இறங்கினான். இடது பக்கம் விரட்டினால் வலது பக்கம் சிதறின. சங்கிலியைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆதிநாராயணனும் இறங்கினார். மூன்றாவது அடியில் சேற்றில் உட்கார்ந்தார். ஒரு வாத்து அவர் மடி மேலேயே ஏறிப் போனது.

வரப்பில் சிட்டு நடுங்கிக்கொண்டு ஜோதியின் வாயையே பார்த்தது.

"ஜோதி, அந்த வார்த்தையச் சொல்லேன்!" பரசுராமன் கத்தினான்.

"அது எங்க அண்ணன் நாயாச்சே. அவரே சொல்லட்டும்."

ஆதிநாராயணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். "மடக்கு! ஏ சிட்டு, மடக்கு!"

சிட்டு கழுத்தைச் சொறிந்துகொண்டது.

"யோவ், என் நாத்துல உக்காந்துகினு இன்னாய்யா கச்சேரி?" மணியம்மாள் ஒரு குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட நாயக் குடுத்துட்டுப் போயேன்யா!"

"அவ நாயிதான்! அவ நாயிதான் தாயே! ஜோதி, ஆயுசுக்கும் நீயே வச்சிக்கோ! சொல்லித் தொல!"

"மெய்யாலுமா?"

"உங்கொப்புரான சத்தியமா!"

"நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன்தாண்ணா," என்று சொல்லிச் சிரித்தபடி ஜோதி சங்கிலியைக் கழற்றினாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "மடக்குடி."

வெள்ளையாய் ஒரு கோடு வயலைச் சுற்றி ஓடியது. மணியம்மாள் வாயை மூடுவதற்குள் வாத்தெல்லாம் ஒரே திட்டாகச் சேர்ந்து, வரப்பேறி, வரிசையாக வீட்டைப் பார்த்து நடந்தன.

"வளையறப்பகூட வேகம் கொறையல பாத்தியா மாப்ள?" ஆதிநாராயணன் சேற்றிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "அதான் வேட்ட ரத்தம்."

"அதான் ரேஸ் ரத்தம், மச்சான்."

மணியம்மாள் பெயர்ந்து கிடந்த நாற்றைப் பொறுக்கி ஆளுக்கொரு கை கொடுத்தாள்.

"குனிஞ்சி நட்டுக்கினே பேசுங்க."

இருட்டுகிற வரைக்கும் அவர்கள் பேசிக்கொண்டேதான் நட்டார்கள்.